அலுவலக, பள்ளி வாட்ஸ்அப் குழுக்கள்: தேர்தல் நேரத்தில் தாங்குமா?

ஒரு துறையின் பணியாளர் குழு, ஒரு வகுப்பின் பெற்றோர் குழு. பெரும்பாலும் யாரோ ஒருவர் எண்களைச் சேர்த்து, பெயர் வைத்து, அப்படியே விட்டுவிட்ட குழுக்கள்தான் இவை. சாதாரண நாட்களில் அது போதும். தேர்தல் நெருங்கும்போதோ, ஊரே இரண்டாகப் பிரிந்து பேசும் ஒரு தீர்ப்போ போராட்டமோ வரும்போதோதான் குழுவின் அமைப்பு எவ்வளவு பலவீனம் என்று தெரிகிறது. வெவ்வேறு கட்சியை ஆதரிப்பவர்கள் மறுநாள் காலையில் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அவர்கள் பிள்ளைகள் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும். அதற்கு இந்தச் செயலி எந்த அளவு உதவுகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அறிவிப்பு அனுப்ப வாட்ஸ்அப் மிக நல்ல கருவி. மேலதிகாரியும் ஊழியரும், ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து விவாதிக்க அது ஏற்ற இடமல்ல. குழுவுக்குள் நடப்பது கிட்டத்தட்ட எல்லாமே பெயரோடு பதிவாகிறது. மறைவாகக் கருத்துச் சொல்லவோ மறைவாக விலகி நிற்கவோ அங்கே வழி குறைவு.

புதிய குழு தொடங்கினால் எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். 1,024 பேர் வரை சேரலாம். யார் வேண்டுமானாலும் செய்தி போடலாம், குழுவின் பெயரையும் படத்தையும் மாற்றலாம். குழுவின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் அனுமதிகள் பகுதி வரும். அங்கே முதலில் மூட வேண்டியது பெயர், படம் மாற்றும் உரிமையை. தேர்தல் வாரத்தில் வகுப்புக் குழுவின் படம் ஒரு கட்சிச் சின்னமாக மாறினால், அது எல்லாப் பெற்றோரின் கைப்பேசியிலும் பள்ளியின் பெயரோடு தெரியும். அடுத்து, ஆள் சேர்க்கும் உரிமை அட்மின்களிடம் மட்டும் இருக்கட்டும்; புதிதாக வருபவர்களை அட்மின் ஒப்புக்கொண்ட பிறகே சேர்க்கும் வசதியையும் இயக்குங்கள். பழைய அழைப்பு இணைப்பை மீட்டமைக்க மறக்கக் கூடாது. வேலையை விட்டுப் போனவர் கையிலும், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றியவர் கையிலும் அந்த இணைப்பு இன்னும் இருக்கும்.

அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பும் வசதியை இயக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் தீரும். பேச வழியில்லாத பெற்றோர் ஆசிரியரின் தனி எண்ணுக்கு இரவில் செய்தி அனுப்புவார்கள், அல்லது ஆசிரியர் இல்லாத இணைக்குழு ஒன்றைத் தொடங்குவார்கள். அரசியல் முழு வேகத்தில் ஓடுவது அந்தக் குழுவில்தான். அங்கே தவறான தகவலைத் திருத்தப் பொறுப்பானவர் யாரும் இருக்க மாட்டார். இதைவிட நல்ல ஏற்பாடு, 2022இல் வாட்ஸ்அப்பில் வந்த சமூகம் (Community) எனும் வசதி. மேலே ஓர் அறிவிப்புக் குழு. அதன் கீழ் பேருந்து, தேர்வு, பணிமுறை அட்டவணை என்று வேலைக்கு ஒன்றாகச் சிறு குழுக்கள். பேசும் பொருள் குறுகினால் கட்சிப் பேச்சு தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதை நிறுத்தச் சொல்வதும் எளிது. இன்னொரு நன்மையும் உண்டு: அறிவிப்புக் குழுவில் சாதாரண உறுப்பினரின் எண் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது. சாதாரணக் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெற்றோர் பட்டியலை அப்படியே எடுத்துப் பிரச்சாரக் குழுவில் சேர்த்துவிடலாம்.

ஃபார்வேர்டு செய்திகளுக்கு வைத்திருக்கும் தடைகள் பயனுள்ளவை, ஆனால் அரைகுறையானவை. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது. பல கை மாறி வந்து இரட்டை அம்புக்குறி விழுந்துவிட்டால் ஒரு முறைக்கு ஓர் உரையாடலுக்குத்தான் போகும். இந்தக் கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது. ஆனால் வாசகத்தை நகலெடுத்து ஒட்டினால் அந்தக் குறி போய்விடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலும் அப்படித்தான். அதனால் அம்புக்குறி இருந்தால் சந்தேகிக்கலாம்; இல்லை என்பதற்காக நம்பக் கூடாது. "ஃபார்வேர்டு போடாதீர்கள்" என்ற விதி பலனற்றது என்பதும் இதனால்தான். விதி பொருளைப் பற்றி இருக்க வேண்டும், செய்தி வந்த வழியைப் பற்றி அல்ல.

செய்தியை நீக்கும் வசதியில்தான் அட்மின்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 2022 முதல் அட்மின் யாருடைய செய்தியையும் எல்லாருக்கும் நீக்கலாம். ஆனால் நீக்கிய இடத்தில், எந்த அட்மின் நீக்கினார் என்ற வரி நிற்கும். ஒரு கட்சி ஆதரவாளரின் செய்தியைக் காலையில் நீக்கிவிட்டு, எதிர்த்தரப்பின் செய்தியை மாலை வரை கவனிக்காமல் விட்டால், பாரபட்சம் என்ற குற்றச்சாட்டுக்கு அந்த வரியே சாட்சி. நீக்கியவர் மேலாளர் என்றால் குழுச் சண்டை பணியிடப் புகாராகிவிடும். அதனால் முதலில் அனுப்பியவரைத் தனியாகத் தொடர்புகொண்டு அவரையே நீக்கச் சொல்லுங்கள். அனுப்பியதிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை அவருக்கு அவகாசம் உண்டு. திருத்துவதானால் 15 நிமிடம் மட்டுமே. நீக்கிய செய்தி அட்மினுக்கும் திரும்பக் கிடைக்காது. பிறகு விசாரணை வரக்கூடிய அளவுக்குக் கடுமையான செய்தி என்றால், நீக்குமுன் அதைப் படமெடுத்து வைப்பது அவசியம்.

இந்தச் செயலியின் பெரிய குறை வேறொன்று. அதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. படித்ததைக் காட்டும் நீல டிக்கைத் தனி உரையாடலில் அணைக்கலாம், குழுவில் முடியாது. மேலதிகாரி ஒரு தலைவரைப் புகழ்ந்து ஏதோ போடுகிறார். யார் படித்தார்கள் என்று அவர் செய்தியின் விவரப் பக்கத்தில் பார்க்கலாம்; யார் கட்டைவிரல் போட்டார்கள் என்பது எல்லாருக்குமே பெயரோடு தெரியும். படித்தும் ஒன்றும் போடாதவர் யார் என்பதைக் கணக்கிட அதிக நேரம் ஆகாது. சம்பள உயர்வும் பணி நீட்டிப்பும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர் முன் மௌனமும் ஒரு பதிலாகிவிடுகிறது. எந்த செட்டிங்கும் இதைச் சரிசெய்யாது. பதவியில் இருப்பவர் கட்சி சார்ந்த எதையும் பணிக்குழுவில் போடக் கூடாது என்பதே ஒரே வழி. அந்த விதி கீழே இருப்பவர்களுக்கு முன் மேலே இருப்பவர்களைக் கட்டுப்படுத்த வேண்டும்.

வாக்கெடுப்பு வசதியும் அதே வகை. 12 விருப்பங்கள் வரை வைக்கலாம், ஆனால் யார் எதற்கு வாக்களித்தார் என்பது குழுவுக்கே தெரியும். சுற்றுலாத் தேதியை முடிவு செய்ய நல்லது. "வேலைநிறுத்த நாளன்று வருவீர்களா" என்று இதில் கேட்பது ஒவ்வொருவரின் நிலைப்பாட்டையும் பட்டியலிடுவதற்குச் சமம். இப்படிப்பட்ட கேள்விக்குப் பெயரும் மின்னஞ்சலும் வாங்காத இணையப் படிவம்தான் சரி.

குழுவுக்கு வெளியே இருந்தும் அரசியல் வரும். இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்திருந்தால் ஸ்டேட்டஸ் நேராகப் போய்ச் சேரும். குடும்பத்துக்காகப் போட்ட பேரணிப் படத்தை மேலாளரும் மாணவரின் பெற்றோரும் பார்ப்பது இப்படித்தான். ஸ்டேட்டஸ் தனியுரிமைப் பகுதியில் சிலரைத் தவிர்த்தோ, சிலருக்கு மட்டுமோ காட்டலாம். இந்த மாற்றம் இனிப் போடுபவற்றுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே போட்டதை நீக்கினால்தான் மறையும். சுயவிவரப் படத்துக்கும் தனியாக இதே ஏற்பாடு உண்டு, அதையும் பாருங்கள். ஆசிரியர்களுக்கு வேலை எண் தனியாக இருப்பதே நல்லது. ஆண்ட்ராய்டில் ஒரே செயலியில் இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்ளலாம்.

சத்தமில்லாமல் வெளியேறும் வசதியை அதிகம் நம்ப வேண்டாம். வெளியேறினால் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும் என்பது உண்மை. அலுவலகத்தில் அட்மின் பெரும்பாலும் உங்கள் மேலதிகாரிதான். தவிர, முன்னாள் உறுப்பினர் பட்டியலில் 60 நாள் வரை உங்கள் பெயரை யாரும் பார்க்கலாம். அறிவிப்புகளை எப்போதைக்குமாக நிறுத்தி, உரையாடலைக் காப்பகத்தில் போடுவதே பாதுகாப்பு.

டெலிகிராம் இதில் சில விஷயங்களில் மேல். ஒருவர் அடுத்த செய்தி போட ஒரு மணி நேரம் வரை காத்திருக்கச் செய்யும் மெதுநிலை உண்டு. சூடான வாக்குவாதத்தைத் தணிக்க இதைவிட எளிய வழி இல்லை. பெயரில்லா வாக்கெடுப்பு உண்டு. நீக்கிய செய்தியை 48 மணி நேரம் வரை அட்மின்கள் பார்க்க முடியும். மாணவர்களோடு பேச கூகுள் கிளாஸ்ரூம் சிறந்தது: ஆசிரியர் மட்டும் எழுதலாம், மாணவர் கருத்து மட்டும் சொல்லலாம், எல்லாரும் எழுதலாம் என்று மூன்று நிலைகள் உண்டு, நீக்கியதை ஆசிரியர் திரும்பப் பார்க்கவும் முடியும்.

இனி விதி. "அரசியல் பேசக் கூடாது" என்று ஒரே வரியில் முடிப்பது தவறு. குழுப்பணி மென்பொருள் தயாரிக்கும் பேஸ்கேம்ப் நிறுவனமே 2021இல் தன் உள் தளத்தில் சமூக, அரசியல் விவாதங்களைத் தடை செய்தது. சில நாட்களில் ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் விலகினர். வேலை நேரம், ஊதியம், பாடத்திட்டம், பள்ளி மூடல் எல்லாமே அரசு முடிவுகளோடு பின்னியவை. அவற்றைப் பேசக் கூடாதென்றால் வேலையையும் படிப்பையும் பற்றியே பேச முடியாது. கட்சி, வேட்பாளர், வாக்குக் கேட்டல், தலைவர்களைப் பற்றிய புகழ்ச்சியும் ஏளனமும் வேண்டாம். ஓர் அரசு முடிவு இந்தப் பள்ளியை அல்லது இந்த வேலையை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் பேசலாம். இந்த எல்லையைக் குழு விவரத்தில் எழுதி வையுங்கள், தேர்தல் அறிவிப்புக்கு முன்பே. நடுவில் எழுதினால் யாரோ ஒருவரைக் குறிவைத்ததாகத்தான் படும்.

குழுவைத் தொடங்கியவரை மற்ற அட்மின்களால் வெளியேற்ற முடியாது. அவர் தானாக விலகும் வரை அட்மினாகவே இருப்பார். கட்சிச் செய்தி போடுபவர் அவராகவே இருந்தால் பழைய குழுவைக் காப்பாற்ற வழியில்லை. நிறுவனத்தின் எண்ணில் புதிய குழு தொடங்கி, கருத்தில் வேறுபட்ட இருவரை அட்மின்களாக்கி, உறுப்பினர்களை அங்கே மாற்றுங்கள்.