ஃபுல் சைஸ் அமெரிக்கன் ஃபுட்பால்: கையை அளந்துட்டு வாங்குங்க

கோவையில் விளையாட்டுச் சாமான் கடையில் ஃபுட்பால் என்று கேட்டால் சாக்கர் பந்து வரும். நீளமா இருக்குமே என்றால் ரக்பி பந்தை எடுத்து வைப்பார்கள். அதில் லேஸ் கிடையாது, முனையும் மழுங்கல். குவாட்டர்பேக், அதாவது அணியில் பந்தை எறிபவர், பயிற்சிக்கு இரண்டுமே ஆகாது. ஆன்லைனில் ஆயிரம், ஆயிரத்து ஐநூறுக்குள் வருகிற காம்போசிட் (செயற்கைத் தோல்) பந்துதான் வழி.

நீளம் 11 அங்குலம், எடை 400 முதல் 425 கிராம். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அளவு அது. கனடா லீக்கும் 2018 முதல் அதே அளவுக்கு வந்துவிட்டது. அங்கே பந்தைச் சுற்றி வெள்ளைக் கோடு இருக்கும், அவ்வளவுதான். ‘கனடா மாடல்’ என்று தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

சிக்கல் கையில்தான். பையனின் விரல்களை முழுக்க விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். 8½ அங்குலக் கையோடு என்எஃப்எல்லுக்கு வந்த குவாட்டர்பேக் கென்னி பிக்கெட்டைப் பற்றியே, கை சின்னது என்று 2022-இல் அத்தனை பேச்சு. அதைவிடச் சின்னக் கை என்றால் பையன் பந்தை உள்ளங்கையோடு அமுக்கிப் பிடிப்பான். முழங்கை தாழும், பந்து தள்ளாடும், பத்து நாளில் தோள் வலி. 12 முதல் 14 வயதுக்கு யூத் சைஸ், 9 முதல் 12-க்கு ஜூனியர் சைஸ் எடுப்பதே சரி. மோதிரவிரலும் சுண்டுவிரலும் லேஸ் மேல் உட்கார்ந்து, உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தால் அந்த அளவு பொருந்துகிறது.

கை பலத்தைப் பார்த்து மயங்கிப் பெரிய பந்தைத் திணிக்காதீர்கள். என்எஃப்எல் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலனுக்கு அந்தப் பலம் 2018-லேயே இருந்தது, ஆனால் எறிந்ததில் சக வீரர் கைக்குப் போனது 52.8 சதவீதம். காலும் இடுப்பும் சீரானபின் 2020-இல் 69.2. ஒரு முட்டி போட்டு 20 எறி, பிறகு நின்று 20, அதற்குப் பிறகே மூன்று எட்டு பின்வாங்கி எறிவது.

எந்த விதியில் ஆடப்போகிறான் என்பதும் முக்கியம். கனடாவில் அணிக்கு 12 பேர், 10 யார்டு முன்னேற 3 டவுன், அதாவது 3 முயற்சிதான். மூன்றாவதில் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள், அதனால் கையில் இருப்பது இரண்டே வாய்ப்பு, நீள எறி கட்டாயம். என்எஃப்எல்லில் 11 பேர், 4 டவுன். 2028 ஒலிம்பிக்கில் வருகிற ஃபிளாக் ஆட்டத்தில் ஆளைச் சாய்ப்பதில்லை, இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும்; அணிக்கு 5 பேர், மைதானம் 25 யார்டு அகலம். ஸ்னாப் (ஆட்டம் தொடங்கப் பின்னால் தரும் பந்து) வாங்கியவர் பந்தோடு ஆட்டம் தொடங்கிய கோட்டுக்கு அப்பால் ஓடக்கூடாது, 7 யார்டு தள்ளி நிற்கும் எதிரணி ஆள் பாய்ந்து வருவார். நம்மூரில் ஆள் சேர்வது ஃபிளாக்குக்குத்தான். அதற்குச் சட்டென்று கைவிட்டுப் போகிற பந்து வேணும். சரியான சைஸ் இருந்தால் அது தானா வரும்.

காம்போசிட்டின் குறை: செம்மண் தூசி ஏறினால் வழுக்கும். ஈரமாக்கிய பனியன் வேஸ்ட்டால் துடைத்தால் பிடிப்பு திரும்பும். மழையில் தோல் பந்தைவிட இது தேவலை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எதிரே அடிக்கும்போது தூக்கி எறிந்தால் பந்து மிதந்து நின்றுவிடும். முனையைத் தாழ்த்தி, தட்டையாக எறியச் சொல்லுங்கள்.

காற்று 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. பஞ்சர் கடையில் ‘பாயிண்ட்’ என்கிறார்களே, அதேதான். ஆனால் கம்பிரசரில் வைக்காதீர்கள், நொடியில் ஏறி உள்ளே இருக்கும் பிளாடர் (காற்றுப்பை) போய்விடும். கேஜ் வைத்த சைக்கிள் பம்ப் போதும். ஊசியைத் தண்ணீரில் நனைத்துக் குத்துங்கள், இல்லாவிட்டால் வால்வு கிழியும். காலையில் 25 டிகிரியில் 13 வைத்த பந்து, வெயிலில் கிடந்து 45 டிகிரி ஆனால் ஏறக்குறைய 14.8 காட்டும். கல்லு மாதிரி இருக்கிறதே என்று காற்றைப் பிடுங்கிவிட்டால், மறுநாள் காலையில் பந்து தொளதொள என்றிருக்கும்.