மருந்தகத்துக்கான பற்றுச்சீட்டு மென்பொருள்: ஒரு மதிப்பீடு

கல்லடியில் சிறிய மருந்தகம் நடத்தும் நான் சென்ற வருடம் முதல் பயன்படுத்திவரும் பற்றுச்சீட்டு மென்பொருள், கணக்கிலும் இருப்பிலும் குறைசொல்ல இடம் வைக்கவில்லை. காலாவதித் திகதி நெருங்கும் மருந்துகளைச் சிவப்பில் காட்டும் வசதிக்கே மாதக் கட்டணத்தைக் கொடுக்கலாம். வாடிக்கையாளர் விவரத்தைக் கையாளும் பகுதிதான் கவலை தருகிறது. பெயர், தொலைபேசி இலக்கம், வாங்கிய மருந்து மூன்றும் ஒரே திரையில் நிற்பதால், யாருக்கு நீரிழிவு, யாருக்கு மன அழுத்தம் என்பதைக் காசாளர் ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம். ‘அழி’ என்ற பொத்தானை அழுத்தினால் பெயர் பட்டியலிலிருந்து மறைகிறதே தவிர, மாத இறுதி அறிக்கையில் மீண்டும் தலைகாட்டுகிறது.

இதுபற்றிக் கேட்டபோது, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் போன்ற கடைகளைத் தொடாது என்றார் விற்பனையாளர். அது சரியல்ல. உடல்நலத் தரவைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய சிறப்பு வகையாகக் கருதும் அச்சட்டம் கடையின் பரப்பைப் பார்ப்பதில்லை. ஒரு மீறலுக்கு 1 கோடி ரூபா வரை தண்டம் விதிக்கவும் இடமளிக்கிறது. ஆனால் எந்த அளவில் தரவைக் கையாண்டால் தரவுப் பாதுகாப்பு அலுவலரை (சட்டம் பின்பற்றப்படுகிறதா என்று உள்ளிருந்தே கவனிப்பவரை) நியமிக்க வேண்டும் என்பதைப் பின்னர் வரும் ஒழுங்குவிதிகளுக்கு விட்டுவிட்டது. மட்டக்களப்பு நகரிலும் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் இந்த இடைவெளியைக் கொழும்புச் சட்டத்தரணிகளைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும். எங்களுக்கோ மென்பொருள்காரர் சொல்வதே சட்டமாகிவிடுகிறது.

விவரத்தை உண்மையிலேயே நீக்கும் வசதியும், காசாளரிடமிருந்து மருந்துப் பட்டியலை மறைக்கும் வசதியும் வரும்வரை, இதைப் பலசரக்குக் கடைக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். மருந்தகத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.