கரையோர ஈரத்தில் ஃபொண்டன்ட் கேக்: நீண்ட நாள் பாவனையில் தெரிந்தவை

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஃபொண்டன்டை (கேக்கின் மேல் போர்த்தும் சீனி மாவை) கெடுப்பது வெயிலை விட ஈரக்காற்றுத்தான். சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மார்கழி மழையில் திறந்து வைத்த கேக் சீக்கிரமே பிசுபிசுத்துவிடும்.

தனிப் பட்டரில் அடித்த கிரீம் 30 பாகைச் சூட்டில் இளகி, மேலுள்ள பாரத்தில் நடுவால் பிதுங்கும். ஒரு கிலோ ஐசிங் சீனிக்கு பட்டர் 250 கிராம், ஷோர்ட்னிங் (கெட்டியான வெள்ளை மரக்கறிக் கொழுப்பு) 250 கிராம் கலந்தால் நின்று பிடிக்கும். நாவில் கொஞ்சம் மெழுகு தட்டும். ஒரு சிட்டிகை உப்பு அதை அடக்கும். ஆனாலும் பட்டர்கிரீமை உள்ளடுக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வெளிப்பூச்சுக்கு கனாஷ் (சொக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவை) போடுவதே எங்கள் தெரிவு. வெள்ளைச் சொக்லேட் 4 பங்கு, கிரீம் 1 பங்கு. கறுப்புச் சொக்லேட் என்றால் 3க்கு 1 போதும். இரவு முழுக்க இறுகவிட்டே ஃபொண்டன்டால் மூட வேண்டும்.

8 அங்குல அகலம், 4 அங்குல உயரமுள்ள கேக்குக்கு 18 அங்குல ஃபொண்டன்ட் வட்டம் தேவை. ஒரு கிலோ குழைத்து 4 மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டுங்கள். கோன்ஃபிளவர் அளவுக்கு மேல் தூவினால் ஓரங்கள் யானைத்தோல் போல் சுருங்கி வெடிக்கும். விரலில் துளி ஷோர்ட்னிங் தொட்டுத் தேய்த்தால் மறையும். கொப்புளம் கண்டால் மெல்லிய ஊசியால் சரிவாகக் குத்திக் காற்றை வெளியேற்றலாம்.

கடல் தீமுக்கு மீன், சிப்பி செய்வதென்றால் 250 கிராம் ஃபொண்டன்டுக்கு ஒரு தேக்கரண்டி சிஎம்சி (அதை இறுக்கும் பசைத்தூள்) சேர்த்து, இரண்டு மூன்று நாள் முன்பே மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால் காயவே காயாது. ஊதா நிறம் வெளிச்சத்தில் வெளிறி நீலமாகும், கடைசியில் செய்யுங்கள். மாஷ்மலோவில் வீட்டு ஃபொண்டன்ட் செய்வது மலிவு, ஆனால் மழைக்காலத்தில் நம்ப முடியாது. முஸ்லிம்கள் அதிகம் வாழும் காத்தான்குடி, அக்கரைப்பற்று ஓடர்களுக்கு மாஷ்மலோவிலுள்ள ஜெலற்றின் ஹலாலா என்றும் பார்க்க வேண்டும்.

6 அங்குல மேலடுக்குக்குக் கீழே நான்கு தாங்கு குச்சிகள் போதும். முதல் குச்சியை அளந்து வெட்டி, மற்றவற்றையும் அதே நீளத்துக்கு வெட்டுங்கள். ஒன்று 2 மில்லிமீற்றர் கூடினாலும் அடுக்கு சாயும்.

ஃப்ரிட்ஜில் வைப்பதென்றால் அட்டைப் பெட்டியில் மூடியே வையுங்கள். வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் வியர்வை பெட்டியில்தான் படியும். அப்படியும் ஈரம் பட்டால் துடைக்க வேண்டாம், சாயம் இழுபடும், மின்விசிறி போதும். வாகனத்தில் சீற்றில் வைக்காதீர்கள், அது பின்பக்கம் சரிந்தது. கால் வைக்கும் தட்டையான இடத்தில் வழுக்காத விரிப்பின் மேல் வையுங்கள்.