ஏலமலையில் ஒன்பது மழைக்காலம்: ஓர் இ-ரீடரோடு என் வாசிப்பு

2016 ஜூனில் வாங்கிய இ-ரீடர், அதாவது மின்புத்தகம் படிக்கும் கருவி, இன்னும் என் தலைமாட்டில்தான் இருக்கிறது. ஆறு அங்குலத் திரை, உள்ளேயே விளக்கு, நான்கு ஜி.பி. இடம், எடை இருநூறு கிராமுக்குச் சற்று மேல். அன்றைக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாய். வாங்கிய முதல் வாரத்தில் எழுதும் மதிப்புரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒன்பது வருஷம் கையில் வைத்திருந்தவர், பெரும்பாலும் தமிழே படிக்கிறவர், அதுவும் பாதி வருஷம் சுவர் வியர்க்கிற ஊரில் இருப்பவர் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் வீடு இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேட்டுக்குப் பக்கம். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி, செக்போஸ்ட் தாண்டி வந்தால் சுற்றிலும் ஏலத்தோட்டம். விடியக் காலையில் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஜீப் ஜீப்பாக வேலையாட்கள் ஏறி வருவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். எனக்குத் தமிழ் வாசிப்பு வந்ததும் அந்த ஜீப்புகளில்தான். டிரைவர் அண்ணன்களிடம் அம்மா காசு கொடுத்து அனுப்புவார். அவர்கள் கம்பம் பஸ் ஸ்டாண்டில் வார இதழ்களும் மாத நாவல்களும் வாங்கி, நனையாமல் இருக்க சீட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு வருவார்கள். மேலே மலையில் அச்சிட்ட தமிழ் கிடைப்பது அவ்வளவு அரிது.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. கொஞ்சம் மூச்சுவிட்டு, அப்புறம் துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை. அந்தக் காலத்தில் புத்தகம் படும் பாட்டைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். முதலில் அட்டை அப்பளம் போல வளையும். அடுத்த வாரம் பக்க ஓரத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் வரும். துடைத்தால் போகும், பத்து நாளில் திரும்ப வரும். பிறகு முதுகுப் பசையைத் தேடி ராமபாணப் பூச்சி வரும். அந்துருண்டை, வேப்பிலை, வசம்பு எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டோம். பூச்சியாவது கொஞ்சம் அடங்கும். பூசணம் எதற்கும் கட்டுப்படவில்லை, ஏனென்றால் அதற்குத் தேவையான ஈரம் காற்றிலேயே இருக்கிறது.

அப்பா ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், வேலை பார்த்தார். காய் எடுப்பு முடிந்ததும் பச்சைக்காயைக் கழுவித் தட்டுகளில் பரப்பி, விறகு எரித்துச் சூடேற்றிய அறையில் ஒரு நாளுக்கு மேல் காயவைப்பார்கள். ஐந்தாறு கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ ஆகும். சூடு ஏறினால் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் காய் பூத்துவிடும் என்பதால் அப்பா ராத்திரி பல தடவை எழுந்து பார்ப்பார். காய் இறக்கிய பிறகு அறையில் மிச்சச் சூடு இருக்கும். முதலாளியிடம் கேட்டு அப்பா அந்தத் தட்டுகளில் எங்கள் புத்தகங்களை விரித்துவைப்பார். மறுநாள் காலையில் அவை மொறுமொறுவென்று, ஏலக்காய் வாசனையோடு வீட்டுக்கு வரும். இன்றைக்கும் ஏலக்காய் தட்டிப் போட்ட டீயைக் குடித்தால் எனக்கு ஒரு துப்பறியும் கதையின் நடுப்பக்கம் நினைவுக்கு வருகிறது.

அந்தச் சூட்டில் நான் கற்றுக்கொண்ட ஒன்று: நூல் போட்டுத் தைத்த புத்தகம் தப்பிக்கும். வெறும் பசையில் ஒட்டிய புத்தகம் காய்ந்ததும் முதுகு வெடித்து, தாள் தாளாகக் கழன்று வரும். இப்போதும் புத்தகம் வாங்குமுன் முதுகுப் பக்கத்தைப் பார்க்காமல் நான் காசு எடுப்பதில்லை. பதிப்பாளர்கள் தையலைக் கைவிட்டது எனக்குப் பெரிய வருத்தம்.

அம்மாவின் பைண்டு புத்தகங்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வார இதழ்த் தொடர்கதைகளை வாராவாரம் கத்தரித்து, வரிசையாக அடுக்கி, முடிந்ததும் கம்பத்தில் ஒரு பைண்டரிடம் கொடுத்து காலிகோ துணி அட்டை போட்டு வாங்குவார். பதினொரு தொகுதிகள் இருந்தன. கதையின் பின்பக்கத்தில் வேறு யாருடைய சமையல் குறிப்போ, பாதி வெட்டுப்பட்ட ஜோக்கோ இருக்கும். ஒவ்வொரு வாரத்துக்கும் ஓவியம் உண்டு. பிறகு அதே கதைகள் புத்தகமாக வந்தபோது ஓவியங்களை விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தக் கதாபாத்திரங்களின் முகமே ஓவியர் போட்ட முகம்தான். முகமில்லாத புத்தகத்தில் அவர்களை அடையாளம் கண்டுகொள்ள எனக்கு நேரம் பிடித்தது.

2015 மழையில் ஒரு சுவர் ஒழுகி, அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கப் போனது. அப்பா வேலையிலிருந்து நின்றுவிட்டார், ஸ்டோர் வேறு கைக்கு மாறிவிட்டது, காயவைக்க இடமில்லை. பைண்டு தொகுதிகளில் ஏழு கூழாகிவிட்டன. அடுத்த ஜூன் மழை தொடங்கும் முன்பே இ-ரீடர் வாங்கினேன். புதுப் பொருள் ஆசையில் வாங்கவில்லை, இனி ஒரு புத்தகத்தையும் அப்படித் தூக்கி எறியக் கூடாது என்றுதான் வாங்கினேன்.

சரி, கருவிக்கு வருவோம். முதல் ஆறு மாதம் தமிழுக்கு அது பாதிப் பொருள்தான். கணினியிலிருந்து நானே ஏற்றிய கோப்புகள் சிலவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும், சில இடங்களில் புள்ளிவட்டம் தெரியும். பழைய எழுத்துருக் குறியீட்டில் இருந்தவை வெறும் கிறுக்கலாக வரும். அவற்றை இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். அப்போது எனக்குக் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் பழைய நூல்களை இலவசமாகத் தருகிறார்கள். இன்னொன்று ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்ற இணையதளம். அங்கே மற்ற வடிவங்களோடு ஆறு அங்குலத் திரைக்கென்றே பக்கம் அமைத்த பி.டி.எஃப். தருகிறார்கள். எழுத்துச் சிக்கல் இருந்த காலத்தில் அதுதான் ஒழுங்காகத் தெரிந்தது. யாரோ ஒருவர் என் கையில் இருக்கும் திரையின் அளவை நினைத்துப் பக்கம் அமைத்திருக்கிறார் என்பது எனக்கு மனம் நிறைந்த விஷயம்.

பிறகு மென்பொருள் புதுப்பிப்புகள் வந்து எழுத்து சரியாயிற்று. ஆனால் இன்னொரு தொல்லை இன்றுவரை இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளம். வரி முடிவில் சொல்லை உடைக்கக் கருவிக்குத் தெரியாது. இரு ஓரமும் நேராக இருக்கும்படி வைத்தால், ஒரு நீளச் சொல் அடுத்த வரிக்குப் போய்விட, மிச்சமிருக்கும் மூன்று சொற்கள் வரி முழுக்கச் சிதறி நிற்கும். வலது ஓரம் ஒழுங்கில்லாமல் போகட்டும் என்று இடப்பக்கச் சீராக வைத்துக்கொள்ளுங்கள். அப்படி மாற்றிய அன்றைக்கே என் வாசிப்பு வேகம் கூடியது. பழைய நூல்களை ஸ்கேன் செய்த பி.டி.எஃப். படிக்க இந்த அளவுத் திரை போதாது. கருவியைப் படுக்கவைத்து அரைப்பக்கம் அரைப்பக்கமாகப் படிக்கலாம், இருபது பக்கத்துக்கு மேல் பொறுமை தாங்காது. அந்த வேலைக்கு வேண்டுமென்றால் பெரிய திரையாகப் பாருங்கள்.

இந்தக் கருவியை நான் மனதார நேசிக்கத் தொடங்கியது 2018 ஆகஸ்டில். கேரளம் முழுக்க வெள்ளம். இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணையில் 26 வருஷத்துக்குப் பிறகு ஷட்டரைத் திறந்தார்கள். மண் சரிந்து பாதைகள் அறுந்தன. எங்கள் லைனில் எட்டு நாள் கரண்ட் இல்லை. போன் இரண்டாம் நாளே அணைந்துவிட்டது. இ-ரீடர் மட்டும் எட்டு நாளும் நின்றது. அதன் திரைக்குள் மிக நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. பக்கம் திருப்பும் நொடியில் மட்டும் மின்சாரம் அவற்றை நகர்த்தும், அப்புறம் அவை அங்கேயே நிற்கும். திறந்துவைத்த பக்கத்துக்குச் செலவே இல்லை. பகலில் திண்ணை வெளிச்சத்தில் விளக்கை அணைத்துப் படித்தேன். ராத்திரி மட்டும் கொஞ்சம் விளக்கு. மலை எந்த நேரம் இறங்குமோ என்று வீட்டில் யாரும் தூங்காத அந்த இரவுகளில், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சத்தமாக வாசித்தேன். மழைச் சத்தத்துக்கு மேல் குரல் எழுப்பி வாசித்ததில் தொண்டை கட்டிவிட்டது.

அந்த எட்டு நாளில் படித்தது எல்லாம் வரி வரியாக நினைவிருக்கிறது. ஆனால் 2019, 2020-ல் அதே கருவியில் படித்த பல புத்தகங்களின் பெயரைப் பார்த்தால்கூடக் கதை வருவதில்லை. இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். காகிதப் புத்தகம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம், ஒவ்வொரு நிறம்; பைண்டு புத்தகத்தில் அந்தச் சமையல் குறிப்பு எனக்கு வழி காட்டும். கருவியில் எல்லாப் புத்தகமும் ஒரே கனம், ஒரே எழுத்து. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் என் நினைவு நான் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கம்பம்மெட்டு செக்போஸ்ட் வரிசையில் ஜீப்புக்குள் முடித்த நாவல் முழுசாக இருக்கிறது. கட்டிலில் படுத்தபடி முடித்த நாற்பது நாவல் கலங்கிக் கிடக்கிறது. இப்போது வேண்டுமென்றே இடம் மாற்றி மாற்றிப் படிக்கிறேன். ஒரு புத்தகத்தை முழுக்க அடுப்படியில், இன்னொன்றை முழுக்க வெளித்திண்ணையில். எனக்குப் பலன் இருக்கிறது, நீங்களும் செய்து பாருங்கள்.

இரவல் கொடுக்க முடியாதது பெரிய குறை. எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், ஒரே ஓர் அலமாரி தமிழ். 1945-ல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலை சங்கத்தின் வழி வந்ததுதான் கேரளத்தின் இந்த ஊர்தோறும் வாயனசாலை. அவர் மறைந்த ஜூன் 19-ஐ வாயனதினம், அதாவது வாசிப்பு நாள், என்று பள்ளிக்கூடங்கள் எல்லாம் கொண்டாடும். நான் படித்து முடித்த தமிழ்ப் புத்தகங்களை வருஷா வருஷம் அன்றைக்கு அந்த அலமாரியில் கொண்டுபோய் வைப்பேன். இ-ரீடர் வந்த பிறகு வைக்க எதுவும் இல்லை. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு லைப்ரேரியன் சேட்டன் கேட்டார்: "எந்தா தம்பி, நிங்ஙள் வாயன நிறுத்தியோ?" நான் முன்னைவிட அதிகம் படித்துக்கொண்டிருந்தேன், அது அவருக்கு எப்படித் தெரியும்? அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கருவியில் படித்து, பிறருக்குக் கொடுக்கத் தோன்றிய புத்தகத்தை மட்டும் காகிதத்தில் ஒரு பிரதி வாங்கி வாயனசாலைக்குத் தருகிறேன். வருஷத்துக்கு ஆறு ஏழு. அலமாரிக்குப் போகுமுன் முதுகைப் பார்த்து, பசையாக இருந்தால் கம்பத்தில் கொடுத்துத் தைத்து வாங்குகிறேன்.

பழுது என்று பார்த்தால் இரண்டு. மூன்றாம் வருஷம் சார்ஜ் பின் செருகும் இடம் ஈரத்தில் துருவேறித் தளர்ந்தது. விற்றவர்கள் பழுது பார்ப்பதில்லை, புதுசு வாங்கினால் விலை குறைத்துத் தருகிறோம் என்றார்கள். நல்லபடி ஓடும் பொருளைத் தூக்கிப் போடச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கீழே ஒரு செல்போன் கடைத் தம்பி பின்னை மாற்றிக் கொடுத்தார். 2021-ல் பேட்டரியையும் அவரே மாற்றினார். இப்போது தினம் இரண்டு மணி நேரம் படித்தால் ஐந்து நாள் வரும், புதிதில் பன்னிரண்டு நாள் வந்தது. ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு மூடி போட்ட டப்பாவில் ராத்திரி வைத்துவிடுகிறேன். திரைக்குள் இதுவரை பூசணம் இல்லை.

வாங்கலாமா என்றால், மழை ஊரில் இருப்பவர் கண்டிப்பாக வாங்கலாம். விளக்கு இருப்பதாகப் பாருங்கள், தண்ணீர் தாங்குவது கிடைத்தால் இன்னும் நல்லது. தமிழ்ச் சொல்லைத் தொட்டுப் பொருள் பார்க்கும் வசதி என் கருவியில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஜூனில் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். எழுத்தைப் பெரிசாக்கி, ஒரு பக்கத்துக்கு ஆறேழு வரி வரும்படி வைத்துக் கொடுத்திருக்கிறேன். படிப்பது, கூழாகிப்போன ஏழு தொகுதிகளில் ஒன்றாக இருந்த கதை. இணையத்தில் கிடைத்தது, ஓவியங்கள் இல்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் நிறுத்தி என்னைக் கூப்பிடுகிறார். "ஏய்யா, இந்த இடத்துல படத்துல அவ ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பாய்யா. பச்சைப் பொடவை. பின்னால கொடியில துணி காயும்." கருவியில் தமிழ் விசைப்பலகை இல்லை. அவர் சொல்வதை ஆங்கில எழுத்தில் தட்டி, அந்தந்த அத்தியாயத்திலேயே குறிப்பாகப் போட்டு வைக்கிறேன். இதுவரை இருபத்து மூன்று ஓவியம் ஆகியிருக்கிறது. அம்மா இன்னும் பாதிக் கதைகூட வரவில்லை.