துணிப் பேட்டா, கடைப் பேட்டா?

மகள் பெரியபிள்ளையானதும், மாதவிடாய்க்கு எந்தப் பேட் என்று வீட்டில் வந்த கேள்வி இது. அம்மம்மா காலத்தில் பழைய சீலைத்துண்டுதான். யாரும் காணாமல் வேலி மறைவில் காயப்போட்டு, பாதி ஈரத்தோடேயே கட்டினார்கள். பிழை துணியில் இல்லை, அந்த ஒளிப்பில்.

செலவு: கடைப் பேட் மாதம் 15 பேட் என்றால் 3 வருசத்தில் 540 பேட் வாங்கவேணும். துணிப் பேட் ஏழெட்டு, கவனமாகத் துவைத்தால் அவ்வளவு காலம் ஓடும்.

வசதி: கடைப் பேட்டைச் சுற்றி எறியலாம். எங்கே? உள்ளே பிளாஸ்டிக், எரித்தால் நச்சுப்புகை, மட்டக்களப்பு வாவிக்குள் போட்டால் உக்காது. துணியைப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து, சவர்க்காரம் போட்டு, நல்ல வெயிலில் காயவைக்கவேணும். கார்த்திகை, மார்கழி மாரியில் அதுதான் பெரிய கரைச்சல்.

பள்ளிக்கூடம், பஸ் பயணம், மாரிக்குக் கடைப் பேட். கிணறும் வெயிலும் உள்ள வீட்டு நாட்களுக்குத் துணி. மகள் இரண்டும் வைத்திருக்கிறாள்.