‘தாத்தா கலெக்‌ஷன்’ ஆல்பம் தாள்கள்: ஆர்டர் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய ஸ்டாம்ப் ஆல்பங்களைத் தாள் தாளாகக் கழற்றி, ஸ்டாம்புகளோடு அப்படியே ஆன்லைனில் விற்பது இப்போது சூடுபிடித்திருக்கிறது. பார்த்தவுடன் ஆசை வரத்தான் செய்யும். ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டாம், அச்சடித்த கட்டங்களில் வருட வாரியாக அடுக்கியிருக்கிறது, மேலே பளபளவென்று மவுண்ட் (ஸ்டாம்பைச் செருகி வைக்கும் பிளாஸ்டிக் உறை). ஆனால் ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இதைவிடத் தோதான சரக்கு கிடையாது. ஒரு மின்ட் (பயன்படுத்தாத, பசையோடு இருக்கிற) ஸ்டாம்பின் மதிப்பில் பெரும்பங்கு அதன் முதுகில் இருக்கிறது. பசை, ஹிஞ்ச் (ஸ்டாம்பை ஆல்பத்தில் ஒட்டும் சிறு காகிதத் துண்டு) தடம், ஒட்டுப்போட்ட கிழிசல், வாட்டர்மார்க் எல்லாமே பின்பக்கம். ஆல்பம் தாள் முன்பக்கத்தை மட்டும்தான் காட்டும். வெள்ளைத் தாளின் மேல் நிறமில்லாத மவுண்ட் என்றால், ஓரத்தில் பல் (துளைகளுக்கு இடையே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி) குறைந்திருப்பதுகூடப் படத்தில் தெரியாது.

நான் வாங்கியது சுதந்திர இந்தியா, 1947 முதல் 1975 வரை, ஹிஞ்ச்லெஸ் தாள்கள், அதாவது ஹிஞ்ச் தேவைப்படாமல் மவுண்ட் பொருத்தியவை. "ஆல் மின்ட், தாத்தா கலெக்‌ஷன், அவசர விற்பனை" என்று போட்டிருந்தது. விலை ரூ.22,000. பெரிய மலிவும் இல்லை, அநியாய விலையும் இல்லை. அடிமாட்டு விலை சொன்னால் நாம் சந்தேகப்படுவோம் என்று இவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

விற்றவர் தமிழ்நாட்டுக்காரர்தான். பேச்சு தேன் மாதிரி. "அண்ணா, எங்க தாத்தா ரயில்வேல இருந்து சேர்த்தது. வீட்ல யாருக்கும் இதுல ஆர்வம் இல்ல. நல்லவங்க கைக்குப் போகணும்னுதான் பாக்குறோம்" என்றார். பிறகு தேடிப் பார்த்தால், அதே கணக்கில் பிரிட்டிஷ் இந்தியா, இலங்கை, மலாயா என்று தனித்தனி விற்பனைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாத்தா. ஒருவர் ரயில்வே, ஒருவர் பினாங்கில் வியாபாரம், ஒருவர் ராணுவம். மனுஷனுக்கு எத்தனை தாத்தாக்கள் இருக்க முடியும்!

மூன்று ஸ்டாம்புகளின் பின்பக்கப் படம் கேட்டேன்: 1948 காந்தி பத்து ரூபாய், 1949 வரிசையின் பதினைந்து ரூபாய், 1957 இந்திய வரைபட வரிசையில் ஏதாவது ஒன்று. "மவுண்ட்ல இருந்து எடுத்தா டேமேஜ் ஆயிடும்ணா, அம்பது வருஷமா யாரும் தொடல" என்று பதில். பதிலாக ஒரு வீடியோ வந்தது. பேப்பர்க்காரர் வார இதழைப் புரட்டுகிற வேகத்தில் தாள்களைப் புரட்டியிருந்தார். தளத்தில் ரிட்டர்ன் வசதி இருந்ததால் ஆர்டர் போட்டேன். போட்ட ஒரு மணி நேரத்துக்குள், "கேன்சல் பண்ணிட்டு நேரா ஜிபே பண்ணுங்கண்ணா, ரெண்டாயிரம் குறைச்சுத் தரேன்" என்று மெசேஜ். மறுத்துவிட்டேன். பின்னால் பணம் ஓரளவுக்காவது திரும்பி வந்ததற்கு அந்த மறுப்பு ஒன்றுதான் காரணம்.

பார்சலைப் பிரித்ததும் அந்துருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. அது பரவாயில்லை. தாள்களின் இடது ஓரத்தைப் பார்த்ததும்தான் முதல் உறுத்தல். வெளிநாட்டு ஆல்பங்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் துளைக் கணக்கு வேறு. லைட்ஹவுஸ் 13 வளையம், சேஃப் 14, லிண்ட்னர் 18. எனக்கு வந்த கட்டில் பதின்மூன்றும் பதினெட்டும் கலந்து கிடந்தன. சில தாள்களின் ஓரத்தைக் கத்தரியால் நறுக்கி, சாதாரண பஞ்சிங் மெஷினால் புதிதாகத் துளை போட்டிருந்தார்கள். ஒரு துளை மவுண்ட்டையும் சேர்த்துக் கடித்திருந்தது. ஒரே ஆள் சேர்த்த ஒரே ஆல்பம் என்ற கதை அங்கேயே முடிந்தது. நாலைந்து உடைந்த ஆல்பங்களை ஒன்றாக்கிய கட்டு அது.

கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்க ஒரு நீல விளக்கு வைத்திருப்பார்களே, அதை எல்லோரும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அறையை இருட்டாக்கி அந்த வெளிச்சத்தில் தாள்களைப் பரப்பினேன். பெரும்பாலானவை மங்கிய பழுப்பாகக் கிடந்தன. 1948, 1949 ஸ்டாம்புகளுக்கான இரண்டு தாள்கள் மட்டும் ஜெராக்ஸ் பேப்பர் போல நீலவெள்ளையாகப் பளிச்சிட்டன. இன்றைய தாள்களில் வெண்மைக்காகச் சேர்க்கிற ரசாயனம் அப்படித்தான் ஒளிரும். அதாவது அந்த இரண்டு பக்கங்களையும் யாரோ சமீபத்தில் ஸ்கேன் செய்து வீட்டிலேயே பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். விலையுயர்ந்த ஸ்டாம்புகள் இருந்தது அந்த இரண்டு பக்கங்களில்தான்.

இனி காந்தி. இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 1948 ஆகஸ்ட் 15, சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவு நாளில் நான்கு காந்தி ஸ்டாம்புகள் வெளியாயின: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் ஃபோட்டோகிராவ்யூர் முறையில் அச்சிட்டவை. வாட்டர்மார்க் கிடையாது. பெர்ஃபரேஷன் 11½, அதாவது இரண்டு சென்டிமீட்டரில் பதினொன்றரைத் துளை. பத்து ரூபாய் ஸ்டாம்பில் மட்டும் இரண்டு நிறங்கள் சேர்ந்திருக்கும். சுதந்திர இந்திய ஸ்டாம்புகளில் போலி என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது இதுதான்.

எனக்கு வந்ததை மவுண்ட்டிலிருந்து நழுவ விட்டு, பத்து மடங்கு லென்ஸின் கீழ் வைத்தேன். ஃபோட்டோகிராவ்யூரில் முகத்தின் நிழல் ஒரே நிறத்தில் அடர்ந்தும் மெலிந்தும் குழைந்து போகும். இதில் காந்தியின் கன்னத்தில் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் என்று பொட்டுப் பொட்டாகச் சிதறிக் கிடந்தது. இங்க்ஜெட் பிரிண்டரின் வேலை. துளை அளக்கும் கேஜில் வைத்தால் மேல் விளிம்பு ஓரளவு பொருந்துகிறது, பக்கவாட்டில் பொருந்தவே இல்லை. துளைகளின் உட்புறம் சுத்தமாக வெட்டுப்படாமல் பிசிறு தொங்கியது. நீல விளக்கில் ஸ்டாம்பே டியூப்லைட் ஆனது. கீழ் மூன்று மதிப்புகளும் அசல்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அசல் மூன்றோடு போலி ஒன்றை நிறுத்தினால் கண் அதையும் அசலாகவே ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தாளின் முழுத் தந்திரமும் அதுதான்.

அடுத்த பக்கம் 1949 தொல்லியல் வரிசை. மூன்று பை (பழைய கணக்கில் பன்னிரண்டு பை ஓர் அணா) முதல் பதினைந்து ரூபாய் வரை பதினாறு மதிப்புகள். கடைசியில் நிற்கும் பதினைந்து ரூபாய், பாலிதானாவின் சத்ருஞ்ஜய கோயில், அசல்தான். ஆனால் மின்ட் இல்லை. உபயோகித்த ஸ்டாம்பின் முத்திரையைக் கழுவி, புதுப் பசை பூசியிருக்கிறார்கள். எப்படித் தெரிந்தது என்றால், பல்லைத் தொட்டுப் பார்த்தேன். ஆலையில் பசை பூசிய பிறகுதான் துளை போடுவார்கள். அதனால் அசல் மின்டில் பல் நுனியின் நார் மெத்தென்று இருக்கும். பிறகு பசை பூசினால் அது துளைக்குள் வழிந்து நுனிகள் விறைத்துப்போகும், விரலில் குத்தும். இதில் குத்தியது. நீல விளக்கில் வலது மூலையில் ஒரு வட்ட முத்திரையின் கால்வாசி, பேய் போல மெலிதாக எழுந்து வந்தது.

வரைபட வரிசையில் நடந்திருப்பது இன்னும் நுணுக்கம். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது வெளியான முதல் அச்சில் வாட்டர்மார்க் நட்சத்திரங்கள். 1958-லிருந்து அசோகத் தூண் சிங்கங்கள். முன்பக்கம் ஒன்றுபோலவே இருக்கும். நல்ல ஆல்பம் தாளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. விற்றவர் இரண்டு வரிசைக் கட்டங்களையும் நிரப்பியிருந்தார். எடுத்துப் பார்த்தால் இரண்டிலும் சிங்கமே. முகத்தை மட்டும் பார்க்கிறவருக்கு "இரண்டு செட்டும் முழுமை". இது தெரியாமல் நடந்த பிழை என்று வாதாட இடம் உண்டு. மற்றதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை.

அறுபதுகள், எழுபதுகளின் தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவான நினைவு ஸ்டாம்புகள், அவற்றிலும் பாதி பழுப்புப் புள்ளி விழுந்தவை. நம் கடலோர ஈரப்பதத்துக்கு அது சகஜம். சில தாள்கள் பி.வி.சி. உறைக்குள் பல வருடம் கிடந்து, பிசுபிசுத்து, ஸ்டாம்பின் மை உறையில் இறங்கிவிட்டது. விளம்பரப் படங்களில் அந்தத் தாள்கள் ஒன்றுகூட இல்லை.

"கேட்டலாக் மதிப்பு ஒரு லட்சத்துக்கு மேல்" என்ற வரிக்கும் மயங்கவேண்டாம். கிப்பன்ஸ் என்கிற பிரிட்டிஷ் ஸ்டாம்ப் கம்பெனியின் கேட்டலாக்கில் இருப்பது நல்ல நிலையில் உள்ள ஸ்டாம்புக்கு அந்தக் கம்பெனி விற்கும் விலை. ஆறாம் ஜார்ஜ் காலம் தொட்டு அங்கே மின்ட் என்றால் ஹிஞ்ச் படாத மின்ட். ஹிஞ்ச் பட்டது, புள்ளி விழுந்தது, பசை மாற்றியது எல்லாவற்றுக்கும் அந்த எண்ணையே போட்டுக் கூட்டினால் லட்சம் என்ன, கோடிகூட வரும்.

ரிட்டர்ன் கேட்டதும் தேன் வற்றியது. "நீங்க ஸ்டாம்பை மாத்திட்டீங்க" என்றார். நல்லவேளை, பார்சல் பிரித்ததை முகவரிச் சீட்டிலிருந்து கடைசித் தாள் வரை ஒரே மூச்சில் வீடியோ எடுத்திருந்தேன். தளத்தின் வாடிக்கையாளர் சேவையோ, "பழம்பொருட்களுக்கு ரிட்டர்ன் பொருந்தாது சார்" என்று கிளிப்பிள்ளைப் பாடம் ஒப்பித்தது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-ன்படி, தளத்தில் விற்கும் வியாபாரி, சொன்ன தன்மைக்கு மாறான பொருளையோ போலியையோ திரும்ப எடுக்கவும் பணம் கொடுக்கவும் மறுக்க முடியாது. இதை எழுத்தில் அனுப்பி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகே குரல் மாறியது. பொருளின் விலை வந்தது. போகவரக் கூரியர் செலவும் தளத்தின் ‘சேவைக் கட்டணமும்’ போனது போனதுதான். ஜிபேயில் நேராகக் கொடுத்திருந்தால் இந்த வழி எதுவும் திறந்திருக்காது. அப்படிக் கொடுத்து ஆள் மறைந்துவிட்டால் உடனே 1930-க்கு, சைபர் குற்ற உதவி எண்ணுக்கு, அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்குக் கணக்காகத் தாவிவிடும்.

தாளாக வாங்கித்தான் தீரவேண்டும் என்றால், விலை கூடிய நாலு ஸ்டாம்புகளைச் சொல்லி, அவற்றை மவுண்ட்டிலிருந்து எடுத்து, கருப்பு அட்டை மேல் கவிழ்த்து வைத்த படம் கேளுங்கள். அதே படத்தில் அன்றைய செய்தித்தாளின் தேதியும் இருக்கட்டும். ஸ்டாம்ப் தெரிந்த எவருக்கும் இது ஐந்து நிமிட வேலை, நேர்மையான வியாபாரி முகம் சுளிக்காமல் செய்வார். டேமேஜ் ஆகிவிடும் என்பது சாக்கு. கிடுக்கியால் எடுக்கத்தானே மவுண்ட் திறந்திருக்கிறது? பசை ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தால் மட்டுமே எடுக்க வராது. அப்படியென்றால் அது மின்ட்டே இல்லை. காந்தி பத்து ரூபாய்க்கு லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி போன்ற நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் தனி விலை கொடுக்காதீர்கள். சான்றிதழ் இருந்தால் அதிலுள்ள படத்தின் பல்லோடு ஸ்டாம்பின் பல்லை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் தென்னிந்திய ஃபிலாடெலிஸ்ட் சங்கக்காரர்களிடம் காட்டலாம். பல பெரியவர்கள் லென்ஸ்கூட எடுக்காமல் சொல்லிவிடுவார்கள்.

நான் திருப்பி அனுப்பிய கட்டு இப்போது வேறொரு கணக்குப் பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 1949 தாளின் வலது மேல் மூலையில் பென்சிலால் 62 என்று எழுதி அரைகுறையாக அழித்திருக்கும். 1954 தாளின் கீழே டம்ளர் வைத்த காபி வட்டம். வரைபட வரிசைத் தாளில், இடது ஓரத்து மவுண்ட் ஒன்று பஞ்சிங்கில் கடிபட்டிருக்கும். இந்தத் தாத்தா தபால் இலாகாவில் வேலை பார்த்தவராம். விலை ரூ.19,000. ரிட்டர்ன் கிடையாது என்று இந்த முறை முதல் வரியிலேயே போட்டிருக்கிறார்கள்.