ஒளிக்குழாய்: கண்ணாடியா, பட்டகமா, ஒளியிழையா?

விளக்கு ஓரிடம், வெளிச்சம் வேறிடம் என்ற எண்ணம் பழையது. வில்விளக்கின் (இரு கரிமுனைகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் பழைய விளக்கு) ஒளியைக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்பும் அமைப்புக்கு அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் வீலர் 1881-இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் ஒளியைக் கடத்தினால் மட்டும் போதாது. வழியெங்கும் சீராகக் கசியவிடவும் வேண்டும். கண்ணாடிப் பூச்சுக் குழாய், பட்டகக் குழாய், ஒளியிழை என்ற மூன்றுக்கும் போட்டியே அதில்தான்.

உட்புறம் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பூச்சிட்ட குழாய் எளிமையானது. ஆனால் ஒவ்வொரு மோதலிலும் ஒளி தேயும். 25 செ.மீ. விட்டமும் 10 மீட்டர் நீளமும் உள்ள குழாயில், அச்சுக்கு 30 டிகிரி சாய்வாக நுழையும் கதிர் சுமார் 23 முறை சுவரில் மோதும். பூச்சு 95 சதவீதம் எதிரொளித்தால் கடைசியில் மிஞ்சுவது 31 சதவீதம். 99 என்றால் 79. விவரத்தாளில் அற்பமாகத் தெரியும் அந்த நான்கு சதவீதத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கூரையிலிருந்து பகலொளியை நேராக இறக்கும் குட்டைக் குழாய்க்கு இந்தப் பூச்சு வகையே போதும்.

நீண்ட கூடங்களுக்கு என் ஓட்டு பட்டகக் குழாய்க்கே. கனடாவின் லோர்ன் வைட்ஹெட் உருவாக்கிய இதில் உலோகப் பூச்சே இல்லை. ஒளிபுகும் பிளாஸ்டிக் சுவரின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் ஓடும் நுண்பட்டகங்கள், முழு அக எதிரொளிப்பால் (சாய்வாக வரும் ஒளி பிளாஸ்டிக்கைவிட்டு வெளியேறாமல் முழுதும் திரும்புவது) ஒளியை உள்ளேயே திருப்புகின்றன. நிபந்தனை ஒன்று உண்டு: கதிர்கள் அச்சிலிருந்து ஏறத்தாழ 28 டிகிரிக்குள் நுழைய வேண்டும். ஆகவே ஒளியைக் குவித்து அனுப்பும் விளக்கு தேவை. உள்ளே ஒட்டிய வெண்ணிறப் பட்டை கதிர்களைச் சிதறடிக்க, அந்தக் கோணம் மீறப்பட்டு ஒளி வெளியே வருகிறது. விளக்கிலிருந்து விலக விலகப் பட்டையை அகலமாக்கினால் கடைக்கோடியும் மங்காது. 1990-களில் வாஷிங்டனில் அமெரிக்க எரிசக்தித் துறைக் கட்டடத்தில், 73 மீட்டர் குழாயின் இரு முனைகளிலும் கந்தக ஆவியால் ஒளிரும் சக்திவாய்ந்த கந்தக விளக்கு வைத்து, வரிசையாக இருந்த பாதரச விளக்குகளை அகற்றினார்கள்.

ஒளியிழை வளையும், வெப்பத்தையும் மின்சாரத்தையும் மறுமுனைக்குக் கொண்டுபோகாது. நீச்சல் குளத்துக்கும் அருங்காட்சியகப் பேழைக்கும் ஏற்றது. பிளாஸ்டிக் இழை சிவப்பை அதிகம் உறிஞ்சுவதால் நீளம் கூடக்கூட ஒளி பச்சை நிறமாகச் சாயும். மெல்லிய முனைக்குள் பெரிய விளக்கின் ஒளியைத் திணிப்பதும் கடினம்.

மலிவான எல்இடி வந்தபின், சாதாரண அறைக்கு இந்த மூன்றுமே வேண்டாம். வெடிக்கும் வாயு சூழ்ந்த ஆலைகளிலும், ஏணி எட்டாத உயரங்களிலும்தான் விளக்கைத் தள்ளி வைப்பதற்கு இன்னும் நியாயம் இருக்கிறது.